பழைய கன்ட்ரி பாடல்களை ஏன் இன்னும் கேட்கிறேன்

பெரம்பூர்வாசி எழுதியது:

அமெரிக்கக் கிராமப்புற மரபிலிருந்து வந்த பழைய கன்ட்ரி பாடல்களை நான் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவற்றைப் பற்றித் தமிழில் நிதானமாகப் பேச ஆள் கிடைக்கவில்லை என்ற குறை வெகுநாளாக இருந்ததால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் வீடு பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பை ஒட்டி இருந்தது. அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர் இருந்தார், ஆங்கிலோ இந்தியர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்குப் போய் வந்து, மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, இசைத்தட்டுப் பெட்டியைத் திறப்பார். அவரிடம் இருந்த தட்டுகளில் பாதிக்கு மேல் ஜிம் ரீவ்ஸ் பாடியவை. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஆங்கிலம் பாடப்புத்தகத்தைத் தாண்டி வராத வயது. பாட்டின் பொருள் எதுவும் தெரியாமலேயே, இந்த மனிதர் யாரிடமோ மிக அருகில் நின்று, பிறர் காதில் விழக்கூடாத ஒன்றைச் சொல்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கல்லூரிக்குப் போன பிறகுதான் 'ஹீல் ஹாவ் டு கோ' பாட்டின் சொற்கள் விளங்கின. 1959இன் இறுதியில் வெளிவந்து, 1960இல் கன்ட்ரி பாடல்களின் தரவரிசையில் 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்த பாட்டு அது. இசைப்பெட்டி ஒலிக்கும் ஏதோ ஓர் இடத்திலிருந்து ஒருவன் தான் நேசிக்கும் பெண்ணைத் தொலைபேசியில் அழைக்கிறான். அவள் பக்கத்தில் வேறொருவன் இருக்கிறான் என்பது இவனுக்குத் தெரியும். அந்த இன்னொருவனை வைத்துக்கொண்டு அவளால் மனம் திறந்து பேச முடியாது என்பதும் தெரியும். ஆகவே, ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்கிறான். அந்த ஒரு சொல்லை நாம் கேட்பதே இல்லை. பாட்டு முடிந்துவிடுகிறது.

கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை, தன் நிலையைப் பற்றிய புலம்பல் இல்லை. 1957இல் 'ஃபோர் வால்ஸ்' பதிவின்போதுதான் ரீவ்ஸ் உரக்கப் பாடும் தம் பழைய பாணியை விட்டு, ஒலிவாங்கியில் உதடு படும் அளவுக்கு நெருங்கி நின்று தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். அந்த நெருக்கம் தொலைபேசிப் பாட்டுக்கு எவ்வளவு பொருந்தியது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். நாம் கேட்பது மேடையில் நிற்கும் பாடகரின் குரலாக இல்லை. அந்தப் பெண்ணின் காதில் விழும் குரலாகவே இருக்கிறது.

என் எண்ணம் இதுதான். இந்தப் பாடல்களின் பெருமை அவை எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதில் இருக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பாட்டு இருந்தால், பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், அதற்குள் இருப்பதை விரித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வடமராட்சி எழுதியது:

பெரம்பூர்வாசி ஐயாவுக்கு வணக்கம். இலங்கையில் ஜிம் ரீவ்ஸுக்கு இருந்த இடத்தை அங்கே வளராதவர்களுக்குச் சொல்லி விளங்க வைப்பது கடினம். மார்கழி பிறந்தால் 1963இல் வந்த அவருடைய நத்தார் (கிறிஸ்துமஸ்) பாடல் தட்டு எங்கள் அயலில் மூன்று வீடுகளிலாவது ஒலிக்கும். அதில் ஒரு வீடு சைவ வீடு. அவர் 1964 ஜூலை 31ஆம் திகதி, தாமே ஓட்டிச் சென்ற சிறிய விமானம் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் அருகே இடிமழையில் அகப்பட்டு விழுந்ததில் இறந்துபோனார் என்பதே எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது. சேமித்து வைத்திருந்த பதிவுகளை அவருடைய மனைவி ஒவ்வொன்றாக வெளியிட்டு வந்தார். 1966இல் பிரித்தானிய வரிசையில் 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' முதலிடம் பிடித்தபோது பாடியவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான் எழுத விரும்புவது வேறொரு பாட்டைப் பற்றி. ஜார்ஜ் ஜோன்ஸ் 1980இல் வெளியிட்ட 'ஹீ ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே'. சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று ஒருவன் ஒருத்தியிடம் சொன்னான், அவள் போய்விட்டாள். அவளுடைய படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். 1962ஆம் ஆண்டுத் திகதியிட்ட பழைய கடிதங்களைப் பத்திரப்படுத்தி, 'நேசிக்கிறேன்' என்று அவள் எழுதிய இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருந்தான். இன்று அவன் அவளை நேசிப்பதை நிறுத்திவிட்டான் என்று பல்லவி சொல்கிறது. வாசலில் மலர்வளையம் வைத்திருக்கிறார்கள், சற்று நேரத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இறந்தான் என்ற சொல்லைக் கொண்டு அந்தச் செய்தி நமக்குத் தரப்படவில்லை. கொடுத்த வாக்கை ஒருவன் காப்பாற்றி முடித்தான் என்ற செய்தியாகவே அது வந்து சேருகிறது.

பாபி பிராடக், கர்லி புட்மன் ஆகிய இருவர் எழுதிய பாட்டு இது. தயாரிப்பாளர் பில்லி ஷெரில் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதச் சொன்னார். அந்தப் பெண் கடைசியில் ஒருமுறை அவனைப் பார்க்க வருகிற பகுதி அவர் கேட்டு வாங்கியது. ஜோன்ஸோ, இவ்வளவு சாவுக்களை படிந்த பாட்டை எவரும் வாங்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்பினார். நடுவில் வசனமாகச் சொல்ல வேண்டிய நான்கு வரிகள் உண்டு. குடிபோதையில் அவரால் பாட முடிந்தது, நாக்குழறாமல் பேச முடியவில்லை. ஆகவே மூன்று நிமிடப் பாட்டை முடிக்க ஏறக்குறைய பதினெட்டு மாதங்கள் ஆயின என்று அவரே தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். அந்த நான்கு வரிகளைக் கேட்கும்போதெல்லாம், தெளிந்த நிலையில் ஒரு மனிதர் மிகுந்த சிரமப்பட்டு நேராக நின்று பேசுவது என் கண்ணுக்குத் தெரிகிறது. என் தகப்பனாரின் செத்தவீடு முடிந்த இரவில் நான் கேட்ட பாட்டும் இதுதான். வேறு எதையும் என்னால் கேட்க முடியவில்லை.

தந்திக்கம்பி எழுதியது:

நான் கிட்டார் வாசிப்பவன். சொல்லாமல் விடுவது பற்றி இருவரும் எழுதியிருக்கிறீர்கள். வாத்தியங்களிலும் அதே சிக்கனம் இருக்கிறது என்பதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மேபெல் கார்ட்டர். 1927 ஆகஸ்ட் மாதத்தின் முதல் இரண்டு நாட்களில், டென்னசியும் வர்ஜீனியாவும் சந்திக்கும் பிரிஸ்டல் நகரத்தில், விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவில் கார்ட்டர் குடும்பத்தார் மூவரும் பாடினார்கள். மேபெலுக்கு அப்போது பதினெட்டு வயது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. கட்டைவிரலால் கனத்த தந்திகளில் மெட்டையும், மற்ற விரல்களால் மெல்லிய தந்திகளில் தாளத்தையும் ஒரே கையில் வாசித்தார். அதற்கு முன் கிட்டார் பெரும்பாலும் பின்னால் நின்று தாளம் கொடுக்கும் வாத்தியமாகவே இருந்தது. இன்றும் கிட்டார் பழகுபவர்கள் அந்த முறையை அவர் குடும்பப் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

அடுத்தது ஸ்டீல் கிட்டார். ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்த இந்த வாத்தியத்தை மடியிலோ கால்களின் மீதோ கிடத்தி வைத்து, உலோகத் துண்டைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிப்பார்கள். நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அதன் இழைவு அந்நியமாகத் தோன்றாது. எனக்கு முதல்முறை கேட்டபோதே நெருங்கிய ஒலியாக இருந்தது. 1954இல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் கால்மிதியைப் பயன்படுத்தி, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சில தந்திகளின் சுருதியை மட்டும் ஏற்றினார். ஒரு சுரம் அசையாமல் நிற்க, இன்னொன்று மெல்ல ஏறி வந்து அதன் பக்கத்தில் அமர்ந்துகொள்ளும். விம்மலை அடக்கிக்கொண்டு பேசுகிறவரின் குரல் இப்படித்தான் நகரும். அந்தப் பாட்டுக்குப் பிறகு ஸ்டீல் கிட்டார் வாசித்தவர்கள் பலர் தங்கள் வாத்தியத்தில் கால்மிதியைப் பொருத்திக்கொள்ள முனைந்தார்கள்.

ஜானி கேஷ் 1956இல் பதிவு செய்த 'ஐ வாக் த லைன்' பாட்டில் முரசு கிடையாது. ஒரு காகிதத்தை மடித்துக் கிட்டாரின் தந்திகளுக்கு இடையே செருகி, அந்த உரசலையே முரசாக்கிக் கொண்டார். ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி மாறுவதால், தொடங்க வேண்டிய சுரத்தைப் பிடித்துக்கொள்வதற்காகச் சரணங்களுக்கு நடுவே முனகுவார். அந்த முனகலை நீக்காமல் அப்படியே பதிவில் விட்டார்கள். அதை நீக்கிவிட்டு அந்தப் பாட்டை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

பெரம்பூர்வாசியோடு ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஐம்பதுகளின் இறுதியில் தயாரிப்பாளர்கள் செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் நாஷ்வில்லில் கிராமியப் பாணிப் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒதுக்கிவிட்டு, வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குரல்களையும் கொண்டுவந்து மெருகேற்றிய பாணி எனக்குப் பல பாடல்களில் பாரமாகவே இருக்கிறது. ரீவ்ஸின் பிற்காலப் பதிவுகள் சிலவற்றை என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை. தொலைபேசிப் பாட்டு அதற்கு விலக்கு. பேட்சி கிளைனின் 'கிரேஸி'யும் அப்படியே. 1961 ஜூனில் கார் விபத்தில் படுகாயமுற்று, விலா எலும்பு வலி தீராத நிலையில் ஆகஸ்டில் பாட வந்தவரால் உச்ச சுரங்களைப் பிடிக்க முடியவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிவு செய்துவிட்டு அனுப்பிவைத்தார் பிராட்லி. சில வாரங்கள் கழித்து வந்து ஒரே மூச்சில் பாடி முடித்தார் கிளைன். மெருகு எவ்வளவு இருந்தாலும் அந்தக் குரலை அது மறைக்கவில்லை.

செங்காந்தள் எழுதியது:

இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்து வருகிறேன். சொல்லாமல் விடுவதே பெருமை என்கிற கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அது ஆண்கள் பாடிய பாடல்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பெண்கள் பாடியவற்றைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதற்காகவே வந்தவர்கள்.

நம் ஊரில் எசப்பாட்டு என்று சொல்வோமே, ஒருவர் பாடியதற்கு எதிர்ப்பாட்டாகக் கட்டிப் பாடுவது, அந்த மரபு கன்ட்ரியில் மிக வலுவாக இருந்தது. 1952இல் ஹாங்க் தாம்சன் 'த வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' என்ற பாட்டைப் பாடினார். தன்னை விட்டுவிட்டு மதுக்கூட வாழ்க்கைக்குத் திரும்பிப் போன பெண்ணை நினைத்து ஒருவன் நோகிறான். அப்படிப்பட்ட பெண்களைப் படைத்தவன் கடவுள் என்பது தனக்குத் தெரியாமல் போயிற்று என்கிறான். அதே ஆண்டு கிட்டி வெல்ஸ் பதில் பாடினார். கடவுள் படைக்கவில்லை, திருமணமான ஆண்கள் தங்களைத் தனியர்களாகக் காட்டிக்கொண்டு திரிவதால்தான் பல பெண்கள் வழி தவறினார்கள் என்று, குரலை உயர்த்தாமல், மிக மரியாதையாகச் சொன்னார். பாடுவதை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு வீட்டில் இருந்துவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தவர் அவர். கிடைக்கவிருந்த 125 டாலர் ஊதியத்துக்காகத்தான் அந்தப் பதிவுக்கே ஒப்புக்கொண்டார். என்பிசி வானொலி அதை ஒலிபரப்ப மறுத்தது. நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடையிலும் தொடக்கத்தில் தடை இருந்தது. ஆயினும் பில்போர்டு இதழின் கன்ட்ரி வரிசையில் தனித்துப் பாடிய பெண் ஒருவர் முதன்முறையாக முதலிடத்துக்கு வந்தது அந்தப் பாட்டால்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. தாம்சனின் பாட்டுக்கும் வெல்ஸின் பாட்டுக்கும் மெட்டு ஒன்றே. அதே மெட்டில் ராய் அகஃப் 1936இல் ஒரு பக்திப் பாட்டைப் பதிவு செய்திருந்தார். அதற்கும் முன்பே கார்ட்டர் குடும்பத்தார் ஒரு பிரிவுப் பாட்டைப் பாடியிருந்தார்கள். காதலைப் பிரிந்த ஏக்கம், இறைவனிடம் சரணடைதல், ஆணின் பழிச்சொல், பெண்ணின் மறுமொழி ஆகிய நான்கையும் ஒரே மெட்டு தாங்கியிருக்கிறது. வானொலியில் கிட்டி வெல்ஸைக் கேட்ட கிராமத்துப் பெண் ஒருத்திக்கு அந்த மெட்டு குழந்தைப் பருவத்திலிருந்தே தெரிந்திருக்கும். பழகிய மெட்டுக்குள் புதிய நியாயம் வந்து உட்கார்ந்திருப்பதைக் கேட்டபோது அவள் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

பிறகு லொரெட்டா லின். 1970இல் வந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாட்டில் அவர் எதையும் மறைப்பதில்லை. எண்ணி எண்ணி வைக்கிறார். கென்டக்கியின் புட்சர் ஹாலோவில் குன்றின் மேல் இருந்த மரவீடு, இரவெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த அப்பா, துவைபலகையில் துணி தேய்த்து விரலில் இரத்தம் கசிந்த அம்மா, மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்த வேதாகமம், கோடையில் வெறுங்கால், பன்றியை விற்ற காசில் குளிர்காலத்துக்குத் தபாலில் வரவழைத்த செருப்பு. பாட்டு நீளமாக இருக்கிறதென்று பிராட்லி சொல்லிச் சில சரணங்களை நீக்க வேண்டியதாயிற்று. கருத்தடை மாத்திரையைப் பற்றி அவர் பாடிய 'த பில்' 1972இல் பதிவாகி, 1975 வரை வெளிவராமல் காத்திருந்தது. வந்த பிறகும் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. என் அம்மா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். லொரெட்டாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம் நடந்தது. இந்தப் பெண்மணி பாடுவது எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பெரம்பூர்வாசி எழுதியது:

செங்காந்தள் அவர்களே, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் விரும்பும் பாட்டுக்கும் ஓர் எசப்பாட்டு உண்டு என்பது எனக்கு முன்பே தெரியும். 1960இலேயே ஜீன் பிளாக் என்ற பாடகி 'ஹீல் ஹாவ் டு ஸ்டே' என்று, அதே மெட்டில், தொலைபேசியின் மறுமுனையில் இருந்த பெண்ணின் பதிலைப் பாடினார். நீ என்னைக் காக்க வைத்து மனத்தை உடைத்தாய், வேறொருவரைத் தேடிக்கொண்டேன், இவர் இங்கேயே இருக்கட்டும் என்பது அந்தப் பதில். சொல்லாமல் விட்டதைச் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள் என்று கருதி இத்தனை ஆண்டுகளாக அதைக் கேட்காமல் தவிர்த்து வந்தேன். நேற்று இரவு கேட்டேன். ரீவ்ஸின் பாட்டில் அந்தப் பெண்ணுக்கு வாயே இல்லை என்பதை நான் ஒருபோதும் கவனித்ததில்லை. அவள் மௌனத்தில் நான் கண்ட அழகு ஒருபக்கம் நின்று பார்த்தவனுக்குத் தெரிந்த அழகுதான். ரீவ்ஸின் பாட்டே எனக்கு இன்றும் பெரிய பாட்டு. ஆனால் என் கருத்தை நான் முதலில் எழுதிய அளவுக்கு உறுதியாக இப்போது எழுத மாட்டேன்.

மறுகரை எழுதியது:

எல்லோரும் அன்போடு எழுதியிருக்கிறீர்கள். நானும் இந்தப் பாடல்களோடு வளர்ந்தவன்தான். ஆனால் இதுவரை பேசப்பட்டவர்களில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இது உங்கள் குறை மட்டும் ஆகாது. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தென்மாநில இசையை விற்பனைக்காக இரண்டாகப் பிரித்தன. வெள்ளையர் பாடினால் ஒரு பட்டியல், கறுப்பர் பாடினால் வேறொரு பட்டியல். பாடியவர்கள் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொண்டிருந்தபோதே தட்டுகள் மட்டும் தனித்தனியாக விற்கப்பட்டன. பான்ஜோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம்.

மேபெல் கார்ட்டரைப் பற்றி எழுதிய நண்பருக்குச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுச் சேகரிக்கப் போனபோது உடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்தில் வாங்கிக்கொண்டு வந்து குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டுவார். மேபெலும் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார். ரிடிலின் பெயர் தட்டுகளில் இல்லை. அலபாமாவில் சிறுவனாக இருந்த ஹாங்க் வில்லியம்ஸுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் 'டீ டாட்' என்று அழைக்கப்பட்ட ரூஃபஸ் பெய்ன் என்ற தெருப்பாடகர். தான் பெற்ற இசைப் பயிற்சி முழுவதும் அவரிடமிருந்தே வந்தது என்று ஹாங்க் பின்னாளில் சொன்னார்.

எல்லோருக்கும் மேலாக டீஃபோர்ட் பெய்லி. சிறுவயதில் போலியோவால் தாக்கப்பட்டவர், மவுத் ஆர்கன் வாசித்தவர். 1927இல் ஒரு சனிக்கிழமை இரவு, நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் வானொலியில் மேற்கத்தியச் செவ்வியல் இசை நிகழ்ச்சி முடிந்ததும் இவர் ஓடும் ரயிலின் ஒலியை வாசித்தார். அது முடிந்த பிறகு, இதுவரை பெரிய ஆப்பெரா கேட்டீர்கள், இனி எங்கள் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே சொன்னார். உலகம் அறிந்த அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் வந்தது அப்படித்தான். ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போகும்போது மற்றவர்களுக்கு அறை கொடுத்த விடுதிகள் பல அவருக்குக் கொடுக்கவில்லை. 1941இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகு நாஷ்வில்லில் செருப்புத் துடைக்கும் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் இறந்தார், கன்ட்ரி இசையின் பெருமை மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2005இல்.

சார்லி பிரைட்டைப் பற்றியும் யாரும் எழுதவில்லை. மிசிசிப்பியில் குத்தகை விவசாயிக்குப் பிறந்தவர். 1966 வாக்கில் அவருடைய முதல் தட்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது புகைப்படம் இல்லாமல் அனுப்பினார்கள். பாட்டைக் கேட்டவர்களுக்கு நிறம் தெரியக்கூடாது என்பதற்காக. 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் மிக உயர்ந்த விருதை அவர் பெற்றார். சொல்லாமல் விடுவதைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், இவற்றைச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே பேச வேண்டும்.

நீலமலை எழுதியது:

'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' இந்தக் கணக்கில் வருமா என்று கேட்க வந்தேன். பதிவுகளைப் படித்த பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். ஹாங்க் வில்லியம்ஸின் பெயர் வந்ததால் அவரைப் பற்றிச் சில வரிகள்.

1949 ஆகஸ்ட் மாதத்தில் சின்சினாட்டி நகரில் 'ஐம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை' பாட்டை அவர் பதிவு செய்தார். வேறொரு துள்ளல் பாட்டின் பின்பக்கத்தில்தான் அது வெளிவந்தது. பறக்கவும் மனமில்லாத ஒரு பறவை, நள்ளிரவில் முனகிக்கொண்டு போகும் ரயில், முகத்தை மறைத்து அழுவதற்காக மேகத்துக்குப் பின்னால் போன நிலா. யார் பிரிந்தார், ஏன் பிரிந்தார் என்பது எதுவும் இல்லை. சரணங்களில் பெரும்பாலானவை தான் தனிமையில் இருப்பதாகச் சொல்லி நின்றுவிடுகின்றன. அழுதேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அழுதுவிடலாம் போல் இருக்கிறது என்ற அளவோடு நிறுத்துகிறார்.

பாடியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. 1953 புத்தாண்டு நாளில், ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரக் கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின்னிருக்கையில் இறந்து கிடந்தார், இருபத்தொன்பது வயது. என் அண்ணன் இறந்த ஆண்டில் இரவு வேலை முடிந்து மலைப்பாதையில் தனியாக வண்டி ஓட்டி வருவேன். அந்த மாதங்கள் முழுவதும் இதைத்தான் கேட்டேன். யாரேனும் ஆறுதல் சொன்னால் தாங்க முடியாத காலம் அது. இந்தப் பாட்டு ஆறுதல் சொல்லவில்லை.

பெரம்பூர்வாசி எழுதியது:

மறுகரை அவர்கள் எழுதியதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. சார்லி பிரைட்டின் பாடல்கள் எங்கள் அடுத்த வீட்டிலும் ஒலித்தவை. அவர் கறுப்பினத்தவர் என்பதும் எனக்குத் தெரியும். லெஸ்லி ரிடிலைப் பற்றி ஒரு வரி எங்கோ படித்திருந்தேன். டீஃபோர்ட் பெய்லியை நான் கேட்டதே இல்லை. நாற்பது ஆண்டுகள் இந்த இசையை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டவன், அந்த மேடைக்குப் பெயர் வரக் காரணமாக இருந்த மனிதரின் வாசிப்பை ஒருமுறைகூடக் கேட்காமல் இருந்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

சனிக்கிழமை இரவு 1927ஆம் ஆண்டுப் பதிவான 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' பாட்டைத் தேடிக் கேட்டேன். பாட்டு என்றேனே தவிர அதில் சொல் எதுவும் இல்லை. ஒரு மனிதரும் ஒரு மவுத் ஆர்கனும். லூயிவில், நாஷ்வில் வழியாகத் தெற்கே ஓடிய விரைவு ரயிலின் பெயர்தான் பான் அமெரிக்கன். முதலில் நிலையத்தை விட்டுக் கிளம்பும் மெதுவான மூச்சு, பிறகு தாளம் இறுகி வேகம் பிடிக்கிறது, நடுநடுவே ஊதல். அந்த ஊதல் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நீண்டு ஒலித்துத் தாழ்ந்து அடங்கும் ஒன்று வருகிறது. கேட்டவுடன் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வீட்டுப் பெரியவர் ரயில் பாட்டுகளுக்காகவே சில தட்டுகளைத் தனியே அடுக்கி வைத்திருந்தார். ரயிலில் பிரேக் பிடிக்கும் வேலை பார்த்துவிட்டுப் பாட வந்த ஜிம்மி ராட்ஜர்ஸின் தட்டு ஒன்று அதில் உண்டு. மாலையில் வியாசர்பாடிப் பக்கமிருந்து வண்டி வரும் ஒலி கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். பாரம் ஏற்றிய வண்டியா, காலி வண்டியா, ஓட்டுகிறவர் பழகிய கையா, புதுக் கையா என்று ஊதலையும் நீராவி விடும் ஒலியையும் வைத்தே எனக்குச் சொல்வார். பெய்லியின் தட்டு அவரிடம் இல்லை. இருந்திருந்தால், அந்த வண்டி எந்த இடத்தில் மேடேறுகிறது, எந்த இடத்தில் லெவல் கிராசிங் வருகிறது என்பதை அவர் கையைத் தூக்கிக் காட்டியிருப்பார். மறுபடியும் போட்டுக் கேட்டேன். இரண்டாவது முறை கிராசிங் வரும் இடத்தை என்னாலும் கண்டுபிடிக்க முடிந்தது.